வேர்க்காத குதிரை

அந்தப் பெண்ணுக்கு 11 வயது. முகாமின் ஆறாம் நாள் காலை, சவாரி முடிந்து இறங்கியவள் குதிரையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். விலாவில் வைத்துப் பார்த்தாள். சேணத்தின் ஓரத்தில் விரலை நுழைத்துப் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"சார், மத்த குதிரைக்கெல்லாம் வேர்த்து ஊத்துது. சுல்தானுக்கு மட்டும் வேர்க்கவே இல்ல. ஏன் சார்?"

சுற்றிலும் பிள்ளைகள். வேலிக்கு அந்தப் பக்கம் காரில் சாய்ந்தபடி நாலைந்து பெற்றோர். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அவன் ரேஸ்ல ஓடினவன்மா. உடம்பு அவ்வளவு ஃபிட். இந்த வேலைக்கெல்லாம் அவனுக்கு வேர்க்காது."

நான் சொன்னது தவறு. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன், அதுவும் உண்மையில்லை. நன்றாகப் பழக்கப்பட்ட குதிரைக்கு வேர்வை சீக்கிரமே பிடிக்கும், தாராளமாகவும் வரும் என்று எனக்குத் தெரியும். சுல்தானுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் தெரியவில்லை. 'தெரியலம்மா, பார்ப்போம்' என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் அது வாயில் வரவில்லை.

அது 2019 மே மாதம், கத்திரி வெயில். சென்னை தண்ணீருக்கு அலைந்த வருடம். ஏரிகள் வறண்டு கிடந்தன, லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். நகரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவாரிப் பள்ளியில் நான் பயிற்சியாளன். ஒன்பது குதிரைகள், பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டவை. கோடை விடுமுறையில் 9 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பத்து நாள் பயிற்சி முகாம் நடத்துவோம். அந்த வருடம் பதினான்கு பேர். பாடத்திட்டம் நான் எழுதியது. தினமும் முதல் ஒரு மணி நேரம் குதிரைப் பராமரிப்பு, அடுத்த ஒரு மணி நேரம் சவாரி.

முதல் நாள் எப்போதும் மார்க்கோ போலோவில் தொடங்குவேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர், இங்கே குதிரைகள் பட்ட பாட்டை எழுதிவைத்திருக்கிறார். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. அரசர்கள் பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். வருடம் முடிவதற்குள் மிகப் பெரும்பாலானவை செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடிக்க ஆளில்லை, போட்ட தீனியும் சரியில்லை என்பது அவர் கணிப்பு. ஊர் எல்லையில் அய்யனாருக்கு ஆளுயர மண்குதிரை செய்து நிறுத்துகிற மண்ணில் உயிருள்ள குதிரை ஒரு வருடம் தாங்கவில்லை. "அந்தப் பழியை நீங்கதான் தீர்க்கணும்" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பேன். நாடி, மூச்சு, உடல்சூடு, ஈறின் நிறம், சாணம், குடித்த தண்ணீர், வேர்வை என்று கட்டம் போட்டிருக்கும். குதிரையின் நாடியைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி. தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரலை வைத்து மெல்ல நகர்த்தினால், தோலுக்கடியில் மெல்லிய கயிறு போல ஒன்று வழுக்கும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்தினால் துடிப்பு விரலில் ஏறும். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. 450 கிலோ எடையுள்ள ஒரு உயிர் நம்மைவிட எவ்வளவு நிதானமாகத் துடிக்கிறது என்று தெரியும் நொடியில் பிள்ளைகளின் முகம் மாறும். விலா ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும், 8 முதல் 16. வெப்பமானியில் நூல் கட்டி, ஆசனவாயில் வைத்து, நூலின் மறுமுனைக் கிளிப்பை வாலில் மாட்ட வேண்டும். 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும்.

வலியை முகத்தில் படிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். குதிரையின் வலியை முகக்குறிகளால் அளக்கும் முறையை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: பின்னால் விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத்துளை. அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்து லாயத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். பக்கத்தில் கரும்பலகையில், வெயில் காலத்துக்கான கணக்கு. ஃபாரன்ஹீட் வெப்பத்தோடு ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்டு. 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180ஐத் தாண்டினால் சவாரியே கூடாது. என் கையெழுத்தில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு தகப்பனார் முதலாளியிடம் போய், "சாணி அள்ளவா சார் இவ்வளவு ஃபீஸ் கட்டினேன்?" என்று கேட்டார். இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, பராமரிப்பைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சவாரியைக் கூட்டச் சொன்னார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து அட்டை நிரப்புவது நின்றது. குதிரைக்குச் சேணம் போட்டு, தயாராகக் கொண்டுவந்து நிறுத்துவது சைஸின் வேலையாயிற்று. பிள்ளைகள் வந்தார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள், போனார்கள். அந்த ஒரு பெண் மட்டும் அட்டையை விடவில்லை. அரை மணி நேரம் முன்னதாக அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து, தானே எண்ணி, தானே எழுதினாள்.

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரைத்தான் சைஸ் என்போம். எங்கள் சைஸ் அண்ணனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அவர் அப்பா திண்டிவனத்தில் ஜட்கா ஓட்டியவர். குதிரை படுத்திருக்கும் விதத்தைத் தூரத்தில் பார்த்தே வயிற்றுவலியா வெறும் தூக்கமா என்று சொல்லிவிடுவார். முகாம் தொடங்குவதற்கு முன்பே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "மாஸ்டர், சுல்தானுக்குப் பிடரி மயிருக்கு அடியிலயும் சேணத்துக்கு அடியிலயும்தான் ஈரம். மத்த இடமெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. மூஞ்சில முடி வேற கொட்டுது. சும்மா நிக்கும்போதே இரைக்குது. டாக்டரக் கூப்பிடலாமா?" முகாம் முடியட்டும் அண்ணே என்றேன். ஒரு குதிரை குறைந்தால் சவாரி வரிசை குலைந்துவிடும் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

ஆக, ஒருவருக்கு இருவர் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் பெற்றோர் முன்னிலையில் பிள்ளைகளின் சவாரி. ஆறரைக்குத் தொடங்க வேண்டியது. விருந்தினர் தாமதமாக வந்ததால் ஒன்பது மணி ஆகிவிட்டது. லாயத்து வாசலில் இருந்த மானியில் 93 டிகிரி, ஈரப்பதம் 74. கூட்டினால் 167. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

சுல்தான்மேல் ஏற வேண்டியது அந்தப் பெண். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு இவன்மேல ஏறல சார். இவன் மூச்சை எண்ணினேன். சும்மா நிக்கும்போதே நாப்பது இருக்கு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என் மரியாதையைக் காப்பாற்றிச் சொன்னாள். நான் அவள் அம்மாவைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பயப்படுறா மேடம். முதல் தடவை ஆளுங்க முன்னாடி இல்லையா? பரவாயில்ல" என்றேன். அவள் முகம் சிவந்தது. மறுத்துப் பேசவில்லை. போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வேறொரு பையனை ஏற்றினேன். நடை, பிறகு ஓட்டம், மூன்றாவது சுற்றில் சுல்தான் தானாக நின்றான். மூக்குத்துளைகள் விரிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று தெரிந்தது. விலா துருத்தி போல அடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் பையனை இறக்கினேன். சுல்தானின் கழுத்தில் கை வைத்தேன். அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. தகரக் கூரையில் மத்தியானம் கை வைத்த மாதிரி. ஒரு துளி ஈரம் இல்லை. பின்னங்கால் தள்ளாடி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தான்.

"சூடான உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, சதை பிடிச்சுக்கும்" என்று யாரோ கத்தினார்கள். பழைய நம்பிக்கை அது, தவறான நம்பிக்கை. உடல் கொதிக்கும் குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுவதுதான் சிகிச்சையே. நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். சைஸ் அண்ணன்தான் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். அழுத்தம் இல்லை. தொட்டி மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினார். பிள்ளைகள் வரிசையாக நின்று வாளி கைமாற்றினார்கள். அந்தப் பெண்ணும் அந்த வரிசையில் இருந்தாள். அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நாளில், இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் அந்தக் குதிரைமேல் கொட்டினார். கால்நடை மருத்துவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை தண்ணீர் ஊற்றிய பிறகும் வெப்பமானி 106ஐக் காட்டியது. நாளத்தில் திரவம் ஏற்றினார்கள். சாயங்காலம் சுல்தான் எழுந்து நின்றான்.

இதுவரை சொன்னதை ஆணவம், அலட்சியம் என்று சொல்லிவிடலாம். இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை முதலாளி அறையில் கூட்டம். பெற்றோர் சிலரும் இருந்தார்கள், கோபமாக. 'குதிரைக்குத் தண்ணி காட்டினீங்களா இல்லையா' என்பதுதான் முதல் கேள்வி. ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம் என்பதால் எல்லோருக்கும் அதுவே தோன்றியது. முதலாளி சைஸ் அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன்னு குதிரையக் காய விட்டியா?" அவர், "விடிகாலை ரெண்டு வாளி காட்டினேன் முதலாளி. குடிச்சான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த விடிகாலையில் காலி வாளிகளை நான் பார்த்திருந்தேன். அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போனேன். 'முகாமுக்கு முன்னாலயே இவர் சொன்னார், நான்தான் கேட்கல' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

"நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?" என்றார் முதலாளி.

"விசாரிக்கணும் சார்" என்றேன்.

அந்த இரண்டு சொல்லில் அவருடைய பன்னிரண்டு வருட வேலை போயிற்று. மாதம் முடிய நாள் இருந்ததால் அதுவரைக்குமான சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அவர் கையிலிருந்த கராராவை, தோல் தேய்க்கிற அந்த இரும்புச் சீப்பை, அது அவருடைய சொந்தச் சீப்புதான், ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். சுல்தானின் கொட்டிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேறு ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்து நாள் கழித்து மருத்துவர் மறுபடி வந்தார். சுல்தானின் கழுத்துத் தோலில் சிறுசிறு இடமாக ஒரு மருந்தை வெவ்வேறு அளவில் ஊசியால் செலுத்தினார். சாதாரணக் குதிரையாக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் ஊசி குத்திய இடத்திலெல்லாம் வேர்வை துளிர்க்கும் என்றார். கொட்டிலில் உட்கார்ந்து இருவரும் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஈ உட்கார்ந்தது, எழுந்தது. தோல் காய்ந்தே இருந்தது. குதிரைக்கு வேர்ப்பதே நின்றுபோகிற நோய். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் வரும். வெள்ளைக்காரர்கள் தங்கள் குதிரைகளை இங்கே கொண்டுவந்தபோதே இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். குதிரையும் மனிதனைப் போலவே முக்கியமாக வேர்வையால்தான் சூட்டை இறக்குகிறது. கடும் வேலையில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வேர்க்கும். அந்த வழி அடைபட்டால் மூச்சு ஒன்றுதான் மிச்சம். அதனால்தான் சும்மா நிற்கும்போதே நாற்பது. எவ்வளவு தண்ணீர் காட்டியிருந்தாலும் அன்று அவன் விழுந்திருப்பான்.

சைஸ் அண்ணன்மேல் தவறில்லை என்பதற்கு அன்று மருத்துவர் வாயாலேயே சாட்சி கிடைத்துவிட்டது. அப்போதாவது முதலாளி அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை ஒரு காரணமாகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருடம் நோய்த்தொற்று வந்து முகாம்கள் நின்றன, நானும் அந்தப் பள்ளியை விட்டு வந்துவிட்டேன். எல்லாம் தானாக ஆறிப்போன மாதிரி இருந்தது.

ஆறவில்லை. இப்போது நான் சின்ன அளவில், ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள் என்று, பராமரிப்புப் பயிற்சி மட்டும் நடத்துகிறேன். போன மாதம் ஒரு சிறுவன், "சார், இவன் இடது முன்னங்கால் குளம்பு மத்ததைவிடச் சூடா இருக்கே" என்றான். எனக்குத் தெரியவில்லை, பார்ப்போம் என்று சொன்னேன். குனிந்து குளம்பைத் தொட்டபோது கை நடுங்கியது. சைஸ் அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை முன்னால் வந்து நின்றது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது 17 வயது இருக்கும். முகாம் முடிந்த மறுவாரமே அவள் அம்மா தொலைபேசியில், அவளுக்குக் குதிரையே வேண்டாமாம் என்று சொன்னார். இப்போது அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவளுடைய அட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. வாளி கைமாற்றிய அவசரத்தில் மண்ணில் விழுந்து நனைந்தது. ஆறாம் நாள் கட்டத்தில், 'வேர்வை' என்பதற்கு எதிரே பென்சிலில் எழுதியிருக்கிறாள்: இல்லை. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: சார் நல்லது என்றார்.

அவள் பயப்படவில்லை. அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்களில் குதிரையைச் சரியாகப் பார்த்தது அவளும் சைஸ் அண்ணனும்தான். அவள் அம்மா இதைப் படிக்க நேர்ந்தால் இது அவருக்குத் தெரிய வேண்டும்.

சைஸ் அண்ணனின் எண்ணைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவரிடம் வேலை பார்க்கிறார். போன ஞாயிறு விடிகாலை, அவர் தீனி வைக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். இங்கே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். காலி வாளியைப் பார்த்ததை, மருத்துவர் சொன்னதை, சொல்லாமல் விட்டதை. முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன் என்பதையும் சொன்னேன். மறுமுனையில் பேச்சே இல்லை. குதிரை கொள்ளு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சுல்தான் எங்க இருக்கான்?" என்றார்.

"ஊட்டிக்கு அனுப்பிட்டாங்கண்ணே. அங்க ஒரு லாயத்துல இருக்கான். மலைக்குப் போன ரெண்டு மாசத்துல வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு."

"கழுத்துல மட்டுமா, விலாவுலயுமா?"

"விலாவுலயும்."

"சரி. குதிரையை ஏத்த வண்டி வந்துடுச்சு, வைக்கிறேன்" என்றார்.